சீட் பெல்ட் ஆக்சஸரீஸ்: கடையில் தொங்குவதில் எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் எந்தக் கார் ஆக்சஸரீஸ் கடைக்குள் நுழைந்தாலும் சரி, ஆன்லைனில் 'சீட் பெல்ட்' என்று தட்டினாலும் சரி, ஏழெட்டு வகைச் சாமான் கண்ணில் படும். தோளுக்குப் பஞ்சு வைத்த உறை, பெல்ட்டைத் தளர்த்திப் பிடிக்கும் கிளிப், குழந்தைக்கு முக்கோணத் துணி, கர்ப்பிணிக்கு ஒரு பட்டி, நீளம் போதாதவருக்கு எக்ஸ்டெண்டர், பீப் சத்தத்தை அடக்கும் இரும்பு நாக்கு. எல்லா அட்டையிலும் 'கம்ஃபர்ட்', 'சேஃப்டி' என்று ஏதாவது ஒன்று கொட்டை எழுத்தில் இருக்கும். இவற்றில் பாதிக்கு மேல், காசு கொடுத்துக் காயத்தை வாங்கி வருகிற சமாச்சாரம்.

இது மோதல் சோதனை இல்லை. ஒவ்வொரு சாமானையும் மாட்டினால் பெல்ட் உடம்பில் எந்த இடத்துக்கு நகர்கிறது, எத்தனை சென்டிமீட்டர் தளர்வு வருகிறது என்ற இரண்டை மட்டும் வைத்துச் செய்த மதிப்பீடு. இந்த இரண்டு போதுமா என்றால், போதும். பெல்ட்டால் வரும் மோசமான காயங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்று தப்பாகிப் போவதால்தான் வருகின்றன.

பெல்ட் எப்படிக் காயப்படுத்துகிறது

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் சுவரில் முட்டி நிற்கிறது. முன்பக்கம் நசுங்குவது, பெல்ட் நீள்வது எல்லாம் சேர்த்து உள்ளே இருப்பவர் நிற்பதற்கு 60 சென்டிமீட்டர் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். 70 கிலோ ஆளை அந்தத் தூரத்துக்குள் நிறுத்த ஒரு டன்னுக்கு மேல் விசை தேவை. அவ்வளவையும் ஐந்து சென்டிமீட்டர்கூட அகலமில்லாத ஒரு பாலியெஸ்டர் பட்டை உடம்பின் மேல் இறக்குகிறது. பெல்ட் போடாதவர் டேஷ்போர்டில் அடித்துப் பத்து சென்டிமீட்டரில் நிற்பார். அவர் மேல் விழுவது இதைப்போல் ஆறு மடங்கு. முன்சீட்டில் பெல்ட் போட்டால் சாகும் அபாயம் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதன் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான்.

அந்த ஒரு டன் எங்கே இறங்க வேண்டும்? எலும்பில். 1959-இல் வால்வோவில் நில்ஸ் போலின் கொண்டுவந்த மூன்று முனை பெல்ட்டின் சூட்சுமமே அதுதான். இடுப்பில் கையை வைத்தால் முன்பக்கம் விரலில் தட்டுப்படும் இரண்டு மேடுகள் இருக்கின்றன அல்லவா, மடியின் குறுக்கே போகும் மடிப் பட்டை அதற்குக் கீழே, தொடை தொடங்கும் இடத்தை ஒட்டிக் கிடக்க வேண்டும். தோளின் மேல் வரும் பகுதி, அதாவது தோள் பட்டை, காறை எலும்பின் நடுவில் ஏறி, மார்பெலும்பைக் குறுக்காகக் கடந்து, எதிர்ப்பக்க இடுப்பில் இறங்க வேண்டும்.

சரியான இடத்தில் இருந்தாலும் காயம் வரும். அதை ஒளிப்பதில் அர்த்தமில்லை. பட்டையின் அகலத்துக்கே கன்றிப்போன நீலக்கோடு, காறை எலும்பு முறிவு, மார்பெலும்பு முறிவு, ஒன்றிரண்டு விலா எலும்பு. நம் ஊரில் வலப்பக்க ஸ்டியரிங் என்பதால் டிரைவருக்கு வலது காறை எலும்பு, பக்கத்தில் இருப்பவருக்கு இடது. எலும்பு தேய்ந்த வயதானவர்களுக்கு விலா எலும்பு எளிதில் போகும். மார்பெலும்பு முறிந்திருந்தால் இதயம் அடிபட்டிருக்கிறதா என்று பார்க்க ஈசிஜி எடுத்தாக வேண்டும். மற்றபடி இவை பெரும்பாலும் சில வாரங்களில் ஆறுகிற காயங்கள்.

பட்டை வயிற்றுக்கு ஏறிவிட்டால்தான் கதை மாறுகிறது. அங்கே தாங்க எலும்பு இல்லை. சிறுகுடல் பெல்ட்டுக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் மாட்டி நசுங்கும். அழுத்தம் ஏறி வெடிக்கும். குடலுக்கு ரத்தம் கொண்டுவரும் சவ்வு கிழியும். மேல் உடம்பு பெல்ட்டின் மேல் மடியும்போது முதுகெலும்பு பின்பக்கம் பிளந்துகொள்ளும். இப்படி எலும்பு குறுக்கே பிளப்பதை 1948-இல் சான்ஸ் என்ற மருத்துவர் விவரித்ததால் இன்றும் அதற்கு 'சான்ஸ் முறிவு' என்றே பெயர். பின்சீட் நடுவில் இடுப்புக்கு மட்டும் பட்டை உள்ள பழைய கார்களில் இது அதிகம். தோள் பட்டையை அக்குளுக்குக் கீழே விட்டுக்கொள்கிறவர்களுக்கு வேறு ஆபத்து. டிரைவர் என்றால் பட்டை அழுத்துவது வலது கீழ் விலாவை, அதற்கு உள்ளே கல்லீரல். பக்கத்து சீட் என்றால் இடது பக்கம், மண்ணீரல்.

குடல் காயத்தில் ஒரு ஏமாற்று உண்டு. விபத்து முடிந்து எழுந்து நடப்பார், பேசுவார், வயிற்றில் லேசான வலி என்பார். ஓட்டையான குடலிலிருந்து கசிந்து வயிறு இறுகக் கல்லாக மாற மணிக்கணக்கு ஆகலாம். சிலருக்கு மறுநாள்தான் தெரியும். ஆகவே வயிற்றின் குறுக்கே பெல்ட் தடம் நீலமாகத் தெரிந்தால், முதல் சிடி ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றாலும் ஆளை வார்டில் வைத்துத் திரும்பத் திரும்ப வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள். 'ஒண்ணுமில்லையே, வீட்டுக்குப் போறோம்' என்று கையெழுத்துப் போட்டுக் கிளம்புவது தப்பு. தமிழ்நாட்டில் விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. பில்லுக்குப் பயந்து கிளம்ப வேண்டிய நேரம் அது இல்லை. டாக்டரிடம் எந்த சீட்டில் இருந்தார், பெல்ட் எங்கே இருந்தது, சீட் சாய்ந்திருந்ததா என்பதையும் சொல்லுங்கள். எங்கே தேட வேண்டும் என்பது அவருக்கு உடனே பிடிபடும்.

இனி சாமான்கள்.

அலாரம் ஸ்டாப்பர்

தீப்பெட்டி அளவில் ஒரு உலோகத் துண்டு. பெல்ட்டின் நாக்கைப் போலவே வடிவம், மேலே குரோம் முலாம், சிலதில் கார் கம்பெனியின் சின்னம்கூட ஒட்டியிருப்பார்கள். பக்கிளில் செருகினால் கார் 'பெல்ட் போட்டாச்சு' என்று நம்பிவிடும்.

2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து பெரிய இணைய விற்பனைத் தளங்களுக்கு இதை விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. 13,118 விற்பனைப் பக்கங்கள் நீக்கப்பட்டன. 2021-இல் மட்டும் இந்தியாவில் பெல்ட் போடாததால் 16,000-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள் என்ற கணக்கும் அதே அறிவிப்பில் இருந்தது. ஆனாலும் வேறு பெயரில், 'கீ செயின்', 'பாட்டில் ஓப்பனர்' என்று இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பெல்ட் போடாமல் போவது ஒரு பக்கம். இந்த நாக்கு காரின் மூளைக்கும் பொய் சொல்கிறது. பக்கிளுக்குள் இருக்கும் சுவிட்சைப் பார்த்துத்தான் பல கார்களில் ஏர்பேக் கம்ப்யூட்டர் எதை எப்போது வெடிக்கவிடுவது என்று முடிவெடுக்கிறது. பெல்ட் போட்ட ஆள் பின்னால் சாய்ந்து இருப்பார் என்று நினைத்துக் கணக்குப் போட்டால், ஆள் பெல்ட் இல்லாமல் முன்னால் பறந்து வந்துகொண்டிருப்பார். விரியும் ஏர்பேக்கில் முகத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது சாதாரண அடி இல்லை.

கடைக்காரர் சொல்லும் நியாயம், 'பக்கத்து சீட்ல பை வெச்சாலே கத்துது சார்.' பையைக் கீழே வையுங்கள், அல்லது அந்த சீட்டின் சொந்த பெல்ட்டையே பைக்கு மேல் போட்டு மாட்டிவிடுங்கள். செலவு இல்லை. மதிப்பெண்: பூஜ்யம்.

தோள் உறை

அதிகம் விற்பது இதுதான். வெல்வெட்டோ செயற்கைத் தோலோ மேலே, உள்ளே ஸ்பான்ஞ், நீளவாக்கில் வெல்க்ரோ. இருபது இருபத்தைந்து சென்டிமீட்டர் நீளம் இருக்கும். கழுத்தில் உரசுகிறது, சட்டை கசங்குகிறது, வியர்க்கிறது என்று வாங்குகிறார்கள்.

ஒன்றைக் கையில் எடுத்து இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். பருமனான வகை இரண்டு சென்டிமீட்டர் தடிப்பிலிருந்து தாளாக நசுங்கும். மோதலில் ஒரு டன் விசைக்கு முன்னால் அந்த ஸ்பான்ஞ் எதையும் தாங்காது. நசுங்கிய தடிப்பு அத்தனையும் தளர்வாகத்தான் கணக்கில் சேரும். காயத்தைக் குறைக்கும் என்று அட்டையில் போட்டிருப்பது வெறும் வாய்ப்பந்தல். இன்னொரு சிக்கல், பருமனான உறை, கதவை ஒட்டிய தூணில் பெல்ட் நுழைந்து வரும் வளையத்தில் போய் இடித்து நிற்கும். பெல்ட்டைக் கழற்றினால் முழுக்கச் சுருளாமல் தொங்கும், கதவில் மாட்டி ஓரம் பிசிறடிக்கும். ஓரம் பிசிறடித்த பெல்ட்டின் பலத்தை நம்ப முடியாது.

வழுக்கும் துணியில் தைத்த உறை தோளிலிருந்து மெல்ல நழுவிப் புஜத்தின் பக்கம் போகும், ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. நழுவிய பட்டை மோதலில் தோளைப் பிடிக்காமல் விட்டுவிடும். உடம்பு திருகிக்கொண்டு முன்னால் போகும்.

துணி மட்டும், ஸ்பான்ஞ் இல்லாத மெல்லிய உறை என்றால் எதிர்ப்பு இல்லை. ஆனால் வாங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். முன்கதவுத் தூணில் பெல்ட் வளையத்துக்கு ஒரு பட்டன் இருக்கிறதா பாருங்கள். பல கார்களில் அதை அழுத்தி வளையத்தை மேலும் கீழும் நான்கைந்து படி நகர்த்தலாம். உயரம் குறைந்தவர்கள் ஒன்றிரண்டு படி இறக்கினாலே கழுத்து உரசல் போய்விடும். அந்தப் பட்டனை ஒரு தடவைகூடத் தொடாமல் காரை விற்றவர்கள் ஏராளம். பட்டன் இல்லாத காரில் சீட் உயரத்தைக் கூட்டிப் பாருங்கள்.

சொரசொரப்புதான் பிரச்சினை என்றால் பெல்ட்டைக் கழுவினால் தீரும். முழுக்க இழுத்து, திரும்பிப் போகாமல் வளையத்தின் அருகே துணி கிளிப் போட்டு, வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் மென்மையான சோப்பு கலந்து துணியால் இரண்டு பக்கமும் துடையுங்கள். பிளீச், ஆசிட் கலந்த கிளீனர் எதுவும் படக்கூடாது, நூல் நைந்துபோகும். நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே விடவும். வளையத்தின் உள்பக்கம் தலை எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுப்புப் பிசினாகப் படிந்திருக்கும். அதையும் துடைத்துவிட்டால் பெல்ட் விறுவிறுவென்று சுருளும். சோம்பேறித்தனமாகச் சுருளும் பெல்ட் உடம்பின் மேலும் தொளதொளவென்றுதான் கிடக்கும்.

தளர்த்திப் பிடிக்கும் கிளிப்

பெல்ட்டில் மாட்டி, 'இதுக்கு மேல இழுக்காதே' என்று சுருளைத் தடுத்து நிறுத்தும் பிளாஸ்டிக் கவ்வி. மார்பில் அழுத்தம் இல்லாமல் ஜாலியாகப் போகலாமாம்.

வாங்காதீர்கள். பட்டை ஐந்து சென்டிமீட்டர் தொளதொளப்பாக இருந்தால் மோதிய கணத்தில் கார் நிற்கத் தொடங்கிவிடும், நீங்கள் பழைய வேகத்திலேயே போய்க்கொண்டிருப்பீர்கள். காருக்கும் உங்களுக்கும் நடுவில் வேக வித்தியாசம் ஏறிய பிறகு பெல்ட் திடீரென்று இறுகும். வருடித் தடுக்க வேண்டிய பட்டை சவுக்காக அடிக்கும். நிற்பதற்கு மிஞ்சியிருக்கும் தூரமும் குறைந்துபோயிருக்கும். புதுக் கார்களில் இந்தத் தளர்வை உறிஞ்சவென்றே பிரீடென்ஷனர் இருக்கிறது: மோதிய சில மில்லி விநாடிகளில் சிறு வெடிமருந்து பற்றிப் பட்டையைச் சில சென்டிமீட்டர் உள்ளே சுண்டும். அதற்கு அடுத்த கட்டமாக, பெல்ட் சுற்றிக்கொள்ளும் சுருளுக்குள் இருக்கும் உலோகத் தண்டு முறுக்கிக்கொண்டு, விலா எலும்பு முறியாதபடி பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். இவ்வளவு பொறியியலையும் எண்பது ரூபாய்க் கவ்வி ஒன்று வழியில் நின்று கெடுக்கிறது.

சீட் கவர், குஷன், மணி விரிப்பு

இதை யாரும் சீட் பெல்ட் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்த்தாக வேண்டும்.

புதுக் கார் எடுத்த வாரத்திலேயே சீட் கவர் தைக்கக் கொடுத்துவிடுகிறோம். பின்சீட்டில் பக்கிள் வெளியே வருவதற்கு ஓட்டை விடாமல் தைத்து, மூன்று பக்கிளையும் கவருக்கு அடியிலேயே புதைத்துவிடுவது சர்வ சாதாரணம். 'அசிங்கமா தெரியும் சார், உள்ள தள்ளிட்டேன்' என்பார் தைப்பவர். பிறகு பின்சீட்டில் யார் உட்கார்ந்தாலும் பெல்ட் போட வழியே இல்லை. பின்சீட்டிலும் பெல்ட் கட்டாயம் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ளது. போடாவிட்டால் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஆயிரம் ரூபாய் அபராதம். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே இறந்தது பின்சீட்டில் பெல்ட் இல்லாமல் இருந்தபோது. பெல்ட் போடாத பின்சீட் ஆள் மோதலில் முன்சீட்டின் முதுகில் போய் விழுவார். முன்னால் ஒழுங்காகப் பெல்ட் போட்டவருக்கும் அது காயம்தான்.

கவர் தைக்கக் கொடுக்கும்போது மூன்று விஷயங்களைச் சொல்லி, டெலிவரி எடுக்கும்போது கையால் தொட்டுச் சரிபாருங்கள். ஒவ்வொரு பக்கிளுக்கும் தனி வெட்டு, ஓரம் மடித்துத் தைத்தது. முன்சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் எழுத்துள்ள சீட் என்றால் அந்தப் பக்கம் திறந்த கவர், அல்லது அந்தத் தையல் மட்டும் எளிதில் பிரியும் நூலில் போட்டது. குழந்தை சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருந்தால் அதுவும் மூடப்படக்கூடாது.

சீட்டின் மேல் போடும் ஜெல் குஷன், மர மணி விரிப்பு, மடித்த துண்டு எல்லாம் வேறு விதத்தில் கெடுதல். ஆளை இரண்டு மூன்று அங்குலம் உயர்த்தி, வழுக்கும் மேற்பரப்பில் உட்கார வைக்கின்றன. முன்மோதலில் இடுப்பு முன்னால் வழுக்கி, மடிப் பட்டைக்கு அடியில் புகுந்துபோகும். பட்டை இடுப்பெலும்பை விட்டு ஏறி வயிற்றில் உட்காரும், மேலே சொன்ன குடல் காயம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. சீட்டைப் படுக்கையாகச் சாய்த்துத் தூங்கும் பக்கத்து சீட் ஆளுக்கும் இதே கதி. நீண்ட பயணத்தில் முதுகுவலிக்குக் குஷன் வேண்டுமென்றால் முதுகுக்குப் பின்னால் மட்டும், மெல்லியதாக வையுங்கள். அடியில் வேண்டாம்.

சட்டைப்பை பற்றியும் ஒரு வார்த்தை. தோள் பட்டைக்கு அடியில் இருக்கும் பேனா, மொபைல், சாவிக்கொத்து எல்லாம் மோதலில் உளிதான். பரவ வேண்டிய விசை ஒரே விலா எலும்பில் குவிந்துவிடும்.

குழந்தைக்கான முக்கோணத் துணியும் துணி ஹார்னஸும்

முக்கோணத் துணியின் மூலைகளில் பிரஸ் பட்டன். தோள் பட்டையையும் மடிப் பட்டையையும் சேர்த்துப் பிடித்தால் பட்டை குழந்தையின் கழுத்திலிருந்து விலகும். படத்தில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் தோள் பட்டையைக் கீழே இழுக்கும் அதே துணி மடிப் பட்டையை மேலே இழுக்கிறது, நேராக வயிற்றுக்கு. குழந்தையின் இடுப்பெலும்பு முழுதாக வளரவில்லை, அந்த மேடுகள் இன்னும் எழும்பவில்லை. பட்டை நழுவி ஏறுவது பெரியவர்களைவிடச் சுலபம். கழுத்து உரசலைத் தவிர்க்கப் போய்க் குடலைப் பணயம் வைக்கும் சாமான். பட்டனோ விசையில் தெறித்துவிடும்.

இதைவிட மோசம், ஐந்து பட்டைகளுடன் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் துணி 'கார் சீட்'. காரின் பெல்ட்டோடு சம்பந்தமே இல்லாமல் சீட் முதுகைச் சுற்றி நாடாவால் கட்டிக்கொள்வது. எந்த அங்கீகாரமும் கிடையாது. மடியில் வைத்துக்கொண்டு போவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

வாங்க வேண்டியது ஒழுங்கான சீட். எந்தப் பிராண்ட் என்பதைவிட ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள்: வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் ஒரு எண்ணும், பக்கத்தில் சர்வதேசத் தர எண்ணான ஆர்44/04 அல்லது அதைவிடப் புதிய ஆர்129, இந்தியத் தரம் என்றால் ஏஐஎஸ்-072. தைத்தோ ஒட்டியோ இருக்க வேண்டும், பெட்டியில் மட்டும் அச்சாகியிருந்தால் போதாது. ஆர்129-இல் 15 மாதம் முடியும்வரை பின்னோக்கித்தான் வைக்க வேண்டும். அதைத் தாண்டியும் சீட் அனுமதிக்கும்வரை பின்னோக்கி வைப்பது நல்லது. பின்னோக்கிய சீட்டை ஏர்பேக் உள்ள முன்சீட்டில் வைக்கவே கூடாது.

அடுத்த கட்டம் பூஸ்டர். பெரிய பள்ளிக்கூடப் பிள்ளை என்று பெற்றோர் விட்டுவிடுவது இந்த வயதில்தான். முதுகு உள்ள பூஸ்டரே வாங்குங்கள். முதுகில்லாத வெறும் மேடை புது அங்கீகாரத்தில் 125 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத்தான். பூஸ்டர் எப்போது வேண்டாம் என்பதைப் பிள்ளையைக் காரில் உட்கார வைத்தே தெரிந்துகொள்ளலாம். முதுகு முழுக்கச் சாய்ந்திருக்கும்போது முழங்கால் சீட் விளிம்பில் மடிகிறதா? மடிப் பட்டை தொடையைத் தொட்டுக் கிடக்கிறதா? தோள் பட்டை கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவில் போகிறதா? பயணம் முழுக்க அப்படியே உட்கார முடிகிறதா? ஒன்றுக்கு இல்லை என்றாலும் பூஸ்டர் தேவை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு 145 சென்டிமீட்டர் வாக்கில்தான் நான்கும் ஆம் என்று வரும். 14 வயதுக்குக் கீழே பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் கூட்டிப்போனாலும் அதே ஆயிரம் ரூபாய் அபராதம்தான்.

கர்ப்பிணிப் பட்டி

சீட்டில் விரித்து உட்காரும் ஒரு திண்டு. நடுவிலிருந்து வரும் வார் மடிப் பட்டையைத் தொடைகளுக்கு நடுவே கீழே இழுத்துப் பிடிக்கும். நோக்கம் சரி, வயிற்றுக்குக் கீழே பட்டை இருக்க வேண்டும் என்பதுதான். செய்முறைதான் சந்தேகம். பிடிப்பது வெல்க்ரோ அல்லது பிளாஸ்டிக் கொக்கி என்றால் மோதலில் பிய்ந்துபோகும். பிய்ந்த கணத்தில் இறுகிய பட்டை எங்கே போய் நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. சில வகை மடிப் பட்டையை இரண்டாகப் பிரித்துத் தொடைகளின் மேல் போடுகின்றன. அப்போது இடுப்பெலும்புக்குப் போக வேண்டிய விசை தொடைக்குப் போகிறது.

பட்டி இல்லாமலே செய்யலாம். மடிப் பட்டையைக் கையால் வயிற்றுக்கு அடியில் தள்ளி, இடுப்பெலும்பில் படியவைத்து, தோள் பட்டையை மார்பகங்களுக்கு நடுவில் விட்டு, வயிற்றின் பக்கவாட்டில் இறக்கி, மேலே ஒரு இழுப்பு இழுத்துத் தளர்வை எடுத்துவிடுங்கள். புடவைக் கொசுவத்தின் மேல் பட்டை உட்கார்ந்தால் வழுக்கி ஏறும். கொசுவத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டுப் போடவும். ஓட்டுகிறவர் என்றால் வயிற்றுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே இடைவெளி வரும்படி சீட்டைப் பின்னால் தள்ளவும்.

சின்ன இடிதானே என்றாலும் கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகத்தான் வேண்டும். வெளியே காயம் இல்லாமலே நஞ்சுக்கொடி கருப்பையிலிருந்து பிரிந்துவிடக்கூடும். குறைந்தது நான்கு மணி நேரமாவது குழந்தையின் இதயத்துடிப்பைக் கருவியில் வைத்துப் பார்ப்பார்கள்.

எக்ஸ்டெண்டர்

உண்மையிலேயே பெல்ட் எட்டாதவருக்கு மட்டும், கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கேட்டு, அந்த மாடலுக்கு உரியதை வாங்கவும். கடையில் தொங்கும் 'யுனிவர்சல்' ரகத்தில் நாக்கு உள்ளே போகும், கிளிக் சத்தமும் வரும். லாக் முழுசாக விழுந்ததா என்பது வேறு விஷயம். மேலும் பக்கிள் இடுப்பு ஓரத்திலிருந்து நகர்ந்து வயிற்றின் மேல் வந்து உட்காரும். கெட்டியான பெட்டி வயிற்றை அழுத்துவது பட்டை அழுத்துவதைவிட மோசம். தேவையில்லாதவர் அதே காரை ஓட்டும்போது கழற்றிவிட வேண்டும்.

கட்டர், கண்ணாடி சுத்தி

இந்தப் பட்டியலில் யோசிக்காமல் வாங்கக்கூடியது இது ஒன்றுதான். விபத்துக்குப் பிறகு பக்கிள் நசுங்கித் திறக்காமல் போகலாம். கார் கவிழ்ந்தால் தலைகீழாகத் தொங்கும் உடம்பின் எடை முழுவதும் பெல்ட்டில் இருக்கும். கட்டரின் பிளேடு கொக்கி வடிவப் பள்ளத்துக்குள் மறைந்திருக்க வேண்டும், விரல் போகக்கூடாது. பட்டையைச் சாய்வாகப் பிடித்து ஒரே இழுப்பில் அறுக்கவும். ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் இழுத்தால் நேரம்தான் போகும். கண்ணாடிக்கு, ஸ்பிரிங் விசையில் குத்தி உடைக்கும் 'பஞ்ச்', சுத்தியைவிட நல்லது, குறுகிய இடத்தில் கை வீச வேண்டியதில்லை. பக்கக் கண்ணாடியின் மூலையில் வைத்து அழுத்தவும். முன்கண்ணாடி ஒட்டு அடுக்குக் கண்ணாடி, எதற்கும் உடைந்து விலகாது. சில விலை உயர்ந்த கார்களில் பக்கக் கண்ணாடியும் அப்படித்தான், வாங்கும் முன் கண்ணாடி ஓரத்து எழுத்தில் 'லேமினேட்டட்' என்றிருக்கிறதா பாருங்கள்.

எங்கே வைப்பது? டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்தால் பெல்ட்டில் மாட்டிய நிலையில் கை எட்டாது. டிரைவர் கை எட்டும் இடத்தில், உருண்டு போகாதபடி கவ்வி போட்டு மாட்டவும்.

புதுப்பேட்டை செகண்ட் ஹேண்ட் பெல்ட்

விபத்துக்குப் பிறகு ரிப்பேர் செலவைக் குறைக்க, பெல்ட்டை அப்படியே விட்டுவிடுவதும், சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டை போன்ற இடங்களில், பழைய காரிலிருந்து கழற்றியதை வாங்கி மாட்டுவதும் நடக்கிறது. ஒரு முறை முழு விசை வாங்கிய பெல்ட்டின் வேலை முடிந்துவிட்டது. நூல் நீண்டுபோயிருக்கும், சுருளுக்குள் தண்டு முறுகியிருக்கும். ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் நல்ல பெல்ட் மாதிரியே இருக்கும்.

ஆனாலும் அடையாளங்கள் உண்டு. பட்டையை முழுக்க இழுத்து, தூண் வளையத்தில் உரசும் பகுதியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: மோதலில் உரசிய சூட்டில் பாலியெஸ்டர் உருகி, குறுக்கே மெழுகு பூசியதுபோல ஒரு பளபளப்பான கோடு இருக்கும். நகத்தால் தடவினால் சொரசொரக்கும். வளையத்தின் பிளாஸ்டிக்கிலும் இழுத்த தடம் இருக்கும். பக்கிள் தண்டில் பிரீடென்ஷனர் உள்ள கார் என்றால் தண்டு சில சென்டிமீட்டர் கீழே இறங்கி, அதன் உறை துருத்தி மாதிரி மடிந்து நிற்கும். எதிர்ப்பக்க சீட்டின் பக்கிளோடு ஒப்பிட்டால் உயர வித்தியாசம் உடனே தெரியும். ஏர்பேக் விளக்கு அணையாது. சில கார்களில் கீழ் முனையருகே பட்டையை மடித்துத் தைத்திருப்பார்கள். தையல் பிரிந்து உள்ளிருந்து மாற்றச் சொல்லும் லேபிள் வெளியே தெரிந்தால் அந்தப் பெல்ட் ஏற்கெனவே ஒருவரைக் காப்பாற்றியாகிவிட்டது.

வேறு மாடலின் சுருளை மாட்டினால் இன்னொரு சங்கடம். கார் திடீரென்று நின்றால் பெல்ட்டைப் பூட்டுவது பல சுருள்களில் ஒரு சின்னக் குண்டு. குண்டு உருண்டால் பல்லில் கொக்கி விழும். அது குறிப்பிட்ட கோணத்தில் நிற்கும்படி செய்யப்பட்டது. தூணின் சாய்வு வேறாக இருந்தால் ஒன்று பெல்ட்டை இழுக்கவே விடாது, அல்லது பூட்ட வேண்டிய நேரத்தில் பூட்டாது. மெக்கானிக் முதல் வகையை உடனே கண்டுபிடிப்பார். இரண்டாவது வகை கையால் வெடுக்கென்று இழுத்துப் பார்க்கும் சோதனையிலும் தேறிவிடும், ஏனென்றால் வெடுக்கென்று இழுத்தால் பூட்டுவது வேறொரு பாகம். பெல்ட்டைக் கம்பெனி உதிரிபாகமாகவே கேட்டு, பாகத்தின் எண்ணைக் காரின் சேஸிஸ் எண்ணோடு ஒப்பிட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். இன்சூரன்ஸ் சர்வேயர் காரைப் பார்க்க வரும்போது பம்பர், பானட் பட்டியலோடு பெல்ட்டையும் பிரீடென்ஷனரையும் சேர்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது பழைய பெல்ட்டைக் கேட்டு வாங்கி, அங்கேயே கத்தரித்துப் போட்டுவிட்டு வாருங்கள்.